டவர் இருக்கிறது, சிக்னல் இல்லை: ஜெர்மனிக்குப் படிக்கப் போன தம்பிக்கு ஒரு பதில்

கேள்வி:

அண்ணா, வணக்கம். எனக்கு ஊர் திருச்சி. ஜெர்மனியில் துரிங்கியா மாநிலத்தில் ஒரு சின்னப் பல்கலைக்கழக நகரத்துக்கு முதுகலை படிக்க வந்து இரண்டு மாதம் ஆகிறது. வந்த வாரமே ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் 24 மாத மொபைல் ஒப்பந்தம் போட்டுவிட்டேன், மாதம் 29.99 யூரோ. வெளியில் ஓரளவு பரவாயில்லை. விடுதி அறைக்குள் மட்டும் டவரே எடுப்பதில்லை. பக்கத்து அறை நண்பன் சூப்பர்மார்க்கெட்டில் மலிவான சிம் வாங்கிப் போட்டிருக்கிறான். அதுவும் இதே நெட்வொர்க்தானாம், ஆனால் அவனுக்கு நன்றாக எடுக்கிறது. கடையில் கேட்டால் ரத்து செய்ய முடியாது என்கிறார்கள். வங்கிக் கணக்கில் ஆட்டோ டெபிட்டை நிறுத்திவிடலாமா? ஏப்ரலில் மூன்று பேர் சேர்ந்து வீடு எடுக்கப் போகிறோம், அதற்கு எந்த இன்டர்நெட் நல்லது? கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு பிராக், சூரிக் போகிறோம், இந்த சிம் அங்கே ஓடுமா? போன் திருச்சியில் போன வருடம் வாங்கியது, அதில் ஒன்றும் குறை இல்லை.

பதில்:

தம்பி, கடைசியில் போகிற போக்கில் எழுதிய அந்தப் போன் விஷயத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். ஒப்பந்தச் சண்டைக்குப் போவதற்கு முன், குறை நெட்வொர்க்கிலா போனிலா என்று தெரிந்துகொள்ளுங்கள். இங்கே ரேடியோ நெட்வொர்க் வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் கதையைப் படித்ததும் எனக்குப் போன் மேல்தான் சந்தேகம் வந்தது.

இதற்குப் பத்து நிமிடம் போதும், ஒரு காசு செலவில்லை. நண்பனை உங்கள் அறைக்குக் கூப்பிடுங்கள். உங்கள் சிம்மை அவன் போனிலும் அவன் சிம்மை உங்கள் போனிலும் மாற்றிப் போடுங்கள். அதே மேசை, அதே இடம். உங்கள் சிம் அவன் போனில் எடுத்து, அவன் சிம் உங்கள் போனில் தடுமாறினால் விஷயம் தெளிவு. அப்புறம் ஜன்னலை நன்றாகத் திறந்து வைத்து ஒருமுறை பாருங்கள். குளிருக்காக இங்கே போடும் இரட்டைக் கண்ணாடியில் வெப்பம் வெளியே போகாமலிருக்க மெல்லிய உலோகப் பூச்சு இருக்கும். வெப்பத்தைத் தடுக்கிற அந்தப் பூச்சு சிக்னலையும் தடுக்கும். ஜன்னல் திறந்ததும் இரண்டு கோடு ஏறினால் உங்கள் சுவரும் கண்ணாடியும் இதில் கூட்டு.

ஏன் போன் மேல் சந்தேகம் என்கிறேன்? 4ஜி என்பது ஒரே அலைவரிசை அல்ல. ஒவ்வொரு நாட்டிலும் வெவ்வேறு பேண்டுகளில், அதாவது அலைவரிசைப் பட்டைகளில், ஓடுகிறது. இந்தியாவில் ஜியோ பேண்டு 3, 5, 40இல் 4ஜியை ஓட்டியது. ஜெர்மனியில் பேண்டு 5, 40 கிடையாது. இங்கே பேண்டு 3 உண்டு, அதனால்தான் வெளியில் உங்களுக்கு ஓரளவு எடுக்கிறது. ஆனால் ஜெர்மனியின் சின்ன ஊர்களையும் வீட்டு உள்ளறைகளையும் தாங்கி நிற்பது பேண்டு 20, அதாவது 800 மெகாஹெர்ட்ஸ். தாழ்ந்த அலைவரிசை தூரம் போகும், சுவரைத் துளைக்கும். பேண்டு 3 ஓடும் 1800 மெகாஹெர்ட்ஸ் அந்தளவுக்கு உள்ளே வராது. 2010இல் இந்த 800ஐ ஏலம் விட்டபோது டெலிகாம், வோடஃபோன், ஓ2 என்ற மூன்று மொபைல் நிறுவனங்களும் ஆளுக்கு ஒரு பங்கு வாங்கின. இணையம் எட்டாத சின்ன ஊர்களில் முதலில் போட வேண்டும், நகரங்களுக்குப் பிறகுதான் வரலாம் என்ற நிபந்தனையோடுதான் அரசு விற்றது. ஆக உங்கள் ஊர் மாதிரி இடத்துக்கு 4ஜி வந்ததே இந்த பேண்டின் வழியாகத்தான். இந்தியச் சந்தைக்கென்று செய்த பட்ஜெட் போன்கள் பலவற்றில் பேண்டு 20 இருக்காது. நம்மூரில் அதற்கு வேலையில்லை என்பதால் விட்டுவிடுவார்கள். ஐபோன்களில் பொதுவாக இந்தச் சிக்கல் வராது.

உங்கள் போனில் செட்டிங்ஸ் போய் அதன் மாடல் எண்ணை எடுங்கள். பெயர் போதாது, எண் வேண்டும். ஒரே பெயரில் இந்தியாவுக்கு ஒரு மாடலும் ஐரோப்பாவுக்கு ஒரு மாடலும் விற்பார்கள். தயாரிப்பாளரின் தளத்தில் அந்த எண்ணுக்குரிய பேண்டு பட்டியலில் 20ம் 28ம் இருக்கிறதா என்று பாருங்கள். 28 என்பது 700 மெகாஹெர்ட்ஸ், 2015 ஏலத்தில் வந்தது, அதுவும் தூரம் போகிற வகைதான்.

இன்னொரு சோதனையும் உண்டு. வெளியில் நன்றாக எடுக்கும் இடத்தில் நின்று யாருக்காவது சாதாரணப் போன் கால் போடுங்கள், வாட்ஸ்அப் அல்ல. பேசிக்கொண்டிருக்கும்போதே திரையின் மேல்மூலையைக் கவனியுங்கள். 4ஜி என்று இருந்தது 'ஈ' என்று மாறினால் உங்கள் போனுக்கு இந்த நெட்வொர்க்கில் 4ஜி வழியாகக் குரல் அனுப்பத் தெரியவில்லை, பழைய 2ஜிக்கு இறங்குகிறது என்று பொருள். இடையில் தாங்கிப் பிடிக்க 3ஜி இல்லை. டெலிகாமும் வோடஃபோனும் 2021 ஜூன் இறுதியில் 3ஜியை மூடிவிட்டன, ஓ2 அந்த ஆண்டு முடிவதற்குள் மூடியது. 2ஜியையும் 2028 ஜூன் 30இல் நிறுத்துவதாக டெலிகாம் அறிவித்திருக்கிறது. இப்போது தடுமாறுகிற போன் அன்றைக்குக் காலே எடுக்காமல் போகலாம்.

இது போனின் குறை என்று தெரிந்தால், மனசுக்குக் கஷ்டமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும், நிறுவனத்தின் மேல் உங்களுக்குக் கேஸ் இல்லை. கேஸ் இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. செட்டிங்ஸில் வைஃபை காலிங் என்று ஒன்று இருக்கும். ஜெர்மன் மெனுவில் 'வேலான்' அழைப்பு என்று வரும். அதை இயக்கினால் விடுதி வைஃபை வழியாக உங்கள் சாதாரண எண்ணுக்கே அழைப்பு வரும், வங்கி அனுப்பும் ஓடிபியும் பெரும்பாலும் வந்துவிடும். இந்திய மாடலில் அந்த வசதி இந்த நெட்வொர்க்குக்குத் திறக்கவில்லை என்றால், ஐரோப்பிய மாடல் ஒன்றைப் பழையதாக, கடை உத்தரவாதத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தோடு இரண்டு வருடம் மல்லுக்கட்டுவதைவிட அது மலிவு.

சோதனையில் போன் தேறிவிட்டால், அல்லது எப்படியிருந்தாலும் ஒப்பந்தத்தை விட்டு வெளியே வர வேண்டும் என்றால், இனி காகிதத்துக்கு வருவோம்.

ஜெர்மனியில் ஆன்லைனிலோ போனிலோ வீட்டு வாசலிலோ போட்ட ஒப்பந்தத்தை 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் திரும்பப் பெறலாம். கடைக்கு நீங்களாகப் போய்க் கையெழுத்துப் போட்டதற்கு அந்தச் சட்ட உரிமை கிடையாது. வெளிநாட்டு மாணவர்கள் பாதிப் பேர் இங்கேதான் மாட்டுகிறார்கள். எதிரில் ஆள் இருக்கிறார், கேள்வி கேட்கலாம், அதனால் கடைதான் பத்திரம் என்று நினைக்கிறோம். சட்டத்தின் பாதுகாப்பு கடையில்தான் குறைவு. கடைக்காரர் உங்களிடம் பொய் சொல்லவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒப்பந்தச் சுருக்கம் என்று ஒரு தாள் கொடுத்தார்களா? விலை, காலம், வேகம், ரத்து செய்யும் முறை எல்லாம் ஓரிரு பக்கத்தில் இருக்கும். 2021 டிசம்பர் 1இல் அமலுக்கு வந்த புதிய தொலைத்தொடர்புச் சட்டப்படி அதை முன்கூட்டியே கொடுத்தாக வேண்டும். கொடுக்கவில்லை என்றால் உங்கள் கையில் இருக்கும் வலுவான பிடி அதுதான். ஆனால் இதைக் கடையில் வாதாடாதீர்கள். எல்லாத் தாளையும் எடுத்துக்கொண்டு நுகர்வோர் ஆலோசனை மையமான ஃபெர்பிராவ்கர்சென்ட்ராலெவுக்குப் போங்கள், மாநிலத்துக்கு மாநிலம் உண்டு, சிறு கட்டணம் வாங்குவார்கள். அதற்கு முன் பல்கலைக்கழக மாணவர் நல அமைப்பில் இலவசச் சட்ட ஆலோசனை இருக்கிறதா என்று விசாரியுங்கள். அங்கேயும் தீராவிட்டால் பான் நகரில் இருக்கும் புண்டஸ்நெட்ஸ்அகென்டூர், நம்மூர் டிராய் மாதிரியான ஒழுங்குமுறை அமைப்பு, சமரசப் பிரிவு ஒன்று வைத்திருக்கிறது. நுகர்வோருக்கு அது இலவசம்.

எதுவும் பலிக்கவில்லை என்றாலும் இன்றைக்கே ரத்துக் கடிதத்தை அனுப்பிவிடுங்கள், 'எவ்வளவு விரைவில் முடியுமோ அந்தத் தேதியில்' என்று குறிப்பிட்டு. 24 மாதம் முடிந்ததும் ஒப்பந்தம் நின்றுவிடும். ஒரு காலத்தில் ரத்து செய்ய மறந்தால் இன்னொரு வருடம் தானாக நீளும். 2021 சட்டம் அதை ஒழித்தது, இப்போது நீண்டாலும் ஒரு மாத முன்னறிவிப்பில் எப்போது வேண்டுமானாலும் வெளியேறலாம். 2022 ஜூலையிலிருந்து இணையத்தில் ஒப்பந்தம் விற்கும் நிறுவனங்களின் தளத்தில் ரத்து பொத்தான் இருக்க வேண்டும் என்பதும் சட்டம். பொத்தானை அழுத்திய கையோடு வரும் உறுதி மின்னஞ்சலைப் பத்திரப்படுத்துங்கள். ரத்துக் கடிதம் போன பிறகு, ஒப்பந்தம் முடியும் தேதி நெருங்கும்போது போன் வரும், 'உங்களுக்காகவே ஒரு சலுகை' என்று. சும்மா கேட்டுக்கொள்ளுங்கள், 'சரி' என்ற வார்த்தை மட்டும் வாயில் வர வேண்டாம்.

ஆட்டோ டெபிட்டை நிறுத்துவது? வேண்டவே வேண்டாம். எட்டு வாரத்துக்குள் எந்தப் பிடித்தத்தையும் திருப்ப வங்கி உங்களுக்கு வசதி தரும், ஒரு கிளிக்தான். அதனால்தான் இந்த யோசனை எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றுகிறது. பணம் திரும்பும், கடன் திரும்பாது. முதலில் நினைவூட்டல் கடிதம், பிறகு வசூல் நிறுவனம், அதன் கட்டணம், கடைசியில் ஷூஃபாவில் ஒரு கறுப்புப் புள்ளி. ஷூஃபா என்பது நம்மூர் சிபில் ஸ்கோர் போன்றது. ஏப்ரலில் வீடு பார்க்கப் போகிறீர்களே, வீட்டு உரிமையாளர் கேட்கும் முதல் தாள்களில் அதுவும் ஒன்று. 29.99 யூரோவுக்காக வீட்டை இழக்க வேண்டியதில்லை.

நண்பன் செய்ததுதான் சரி, அதை இனி வருகிறவர்களுக்கும் சொல்லுங்கள். ஜெர்மனியில் சொந்த நெட்வொர்க் வைத்திருப்பவை டெலிகாம், வோடஃபோன், ஓ2, அப்புறம் 2023 டிசம்பரில் வந்த 1&1. இந்த நான்காவது இன்னும் தன் டவர் இல்லாத இடங்களில் வோடஃபோன் நெட்வொர்க்கில் சாய்ந்துகொள்கிறது. மற்ற பெயர்கள் எல்லாம் இவர்களிடம் வாடகைக்கு இருப்பவர்கள்தான். ஆல்டி கடையின் சிம் ஓ2வில் ஓடுகிறது, லிடில் கடையின் சிம் வோடஃபோனில், காங்ஸ்டார், பென்னி, காஃப்லாண்ட் சிம்கள் டெலிகாமில். ஒரு ப்ரீபெய்ட் சிம்மை வாங்கி அறையில், வகுப்பில், பேருந்தில் போட்டுப் பார்த்து, எடுக்கவில்லை என்றால் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம். 2017 ஜூலையிலிருந்து ப்ரீபெய்டுக்கும் அடையாளம் காட்டியே ஆக வேண்டும், அதனால் பாஸ்போர்ட்டோடு ஒரு வீடியோ காலோ தபால் நிலையப் பயணமோ இருக்கும். அதைத் தாண்டினால் நிம்மதி. கணக்கு மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். விலை பெரும்பாலும் மாதத்துக்கு அல்ல, 4 வாரத்துக்கு. நம்மூர் 28 நாள் ரீசார்ஜ் சூத்திரம்தான், வருடத்துக்கு 13 முறை கட்டுவீர்கள்.

லெபாரா, லைக்கா இரண்டையும் உங்கள் சீனியர்கள் சொல்லியிருப்பார்கள். இரண்டுமே ஐரோப்பாவில் ஈழத்தமிழர்கள் தொடங்கியவை, லெபாரா 2001இல் மூவர் சேர்ந்து, லைக்கா 2006இல் சுபாஸ்கரன் அல்லிராஜா. ஊருக்குப் பேசுவதற்காக அட்டை சுரண்டிய தலைமுறைக்கு இவை பெரிய விடுதலை. இப்போது எல்லோரும் வாட்ஸ்அப்பில் பேசுவதால் அந்தச் சாதகம் குறைந்துவிட்டது, மற்ற சிம்களைப் போலவே எந்த நெட்வொர்க்கில் ஓடுகிறது என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

பிடித்த எண்ணை விட மனமில்லை என்றால் கவலை வேண்டாம். எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றுவதற்குக் கட்டணம் கிடையாது. ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணை மட்டும் கொண்டுபோகலாம், பழைய ஒப்பந்தத்துக்கு அவர்கள் வேறு எண் கொடுப்பார்கள். பழைய சிம்மைக் கழற்றி வைத்துவிட்டு சிம்மே இல்லாமல் மட்டும் சுற்றாதீர்கள். 2009இலிருந்து ஜெர்மனியில் சிம் இல்லாத போனில் 112 அவசர அழைப்பு போகாது. சிம் இருந்தால் போதும், உங்கள் நெட்வொர்க் எடுக்காவிட்டாலும் பக்கத்தில் எவருடைய டவர் இருக்கிறதோ அது 112ஐத் தாங்கும்.

இவ்வளவு பணக்கார நாட்டில் ஏன் இந்த நிலை என்று எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள். என் கணிப்பில் 2000 ஆண்டின் 3ஜி ஏலத்துக்கு அதில் பெரிய பங்கு. ஆறு உரிமங்களுக்கு நிறுவனங்கள் கட்டியது சுமார் 5,080 கோடி யூரோ. டவர் நட வேண்டிய காசு கருவூலத்துக்குப் போனது. ஆறில் இரண்டு நிறுவனங்கள் சில வருடத்தில் துண்டை உதறிவிட்டுக் கிளம்பின, இன்னும் இரண்டு 2014இல் ஒன்றாயின. அரசுக்கும் புத்தி வந்திருக்கிறது போலிருக்கிறது, 2025இல் ஏலமே விடாமல் உரிமங்களை ஐந்து வருடம் நீட்டித்து, பதிலுக்கு 2030க்குள் நாட்டின் பரப்பில் 99.5 சதவீதத்துக்கு 50 எம்பிபிஎஸ் கொடு என்று கேட்டிருக்கிறார்கள்.

ஏப்ரல் வீட்டுக்கு வருவோம். எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள், அந்த வீட்டுக்குள் எந்த ஒயர் வருகிறது என்று கேளுங்கள். டெலிகாமின் பழைய செம்புத் தொலைபேசிக் கம்பியைப் பல நிறுவனங்கள் வாடகைக்கு எடுத்து விற்கின்றன, பெயரை மாற்றினால் கம்பி மாறாது. கேபிள் டிவி வழி வருவது எண்ணில் பெரிதாக இருக்கும், ஆனால் தெருவே பகிர்ந்துகொள்வதால் மாலையில் தளரலாம். ஃபைபர் வீட்டுக்குள்ளேயே வந்திருந்தால் யோசிக்காமல் எடுங்கள். முகவரியைப் போட்டால் புண்டஸ்நெட்ஸ்அகென்டூரின் பிராட்பேண்ட் வரைபடம் இதையெல்லாம் காட்டும்.

மூன்று பேரும் எப்போது பிரிவீர்கள் என்று தெரியாது, அதனால் மாதம் சில யூரோ கூடினாலும் மாதாமாதம் ரத்து செய்யக்கூடிய திட்டத்தையே எடுங்கள். விளம்பரத்தில் '250 எம்பிபிஎஸ் வரை' என்று போட்டிருந்தால் 'வரை' என்பதைத்தான் முதலில் படிக்க வேண்டும். தகவல் தாளில் அதிகபட்சம், வழக்கமானது, குறைந்தபட்சம் என்று மூன்று எண் இருக்கும். அந்த வேகம் கிடைக்கவில்லை என்றால் புண்டஸ்நெட்ஸ்அகென்டூரின் அளவீட்டு மென்பொருளைக் கணினியில் நிறுவி, மூன்று வெவ்வேறு நாட்களில் மொத்தம் 30 முறை அளந்தால் சான்று கிடைக்கும். அதைக் காட்டிக் கட்டணத்தைக் குறைக்கலாம், இல்லை ஒப்பந்தத்தை முறிக்கலாம். வைஃபையில் அளக்காதீர்கள், ஒயர் போட்டு அளக்க வேண்டும்.

குடிபோகும் நாளிலேயே அழைப்பு மணியில் மூவர் பெயரையும் ஒட்டுங்கள், ஒப்பந்தம் எடுத்தவர் பெயர் கட்டாயம் இருக்க வேண்டும். டெக்னீஷியன் கீழே வந்து பெயரைத் தேடுவார், இல்லையென்றால் 'ஆள் இல்லை' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். பிறகு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நீங்கள் வீட்டிலிருந்தும் அவர் சொன்ன நேரத்துக்கு வரவில்லை என்றால் 10 யூரோவோ மாதக் கட்டணத்தில் 20 சதவீதமோ, எது அதிகமோ அது உங்களுக்குச் சேர வேண்டியது. கேட்டால்தான் தருவார்கள்.

அந்த வீட்டு வைஃபையில் டொரன்ட் பக்கம் யாரும் போகக் கூடாது என்று முதல் நாளே மூவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். படம் வெள்ளிக்கிழமை வந்தால் சனிக்கிழமை இறக்கிப் பார்ப்பது நம்மூர்ப் பழக்கம். டொரன்டில் நீங்கள் இறக்கும்போதே உங்கள் கணினி மற்றவர்களுக்கு ஏற்றிக்கொண்டும் இருக்கும், வழக்கறிஞர்கள் பிடிப்பது அதைத்தான். பல நூறு யூரோ கேட்டுக் கடிதம் வரும், இணைப்பு யார் பெயரிலோ அவருக்கு. வந்துவிட்டால் குப்பையிலும் போடாதீர்கள், கூட வரும் உறுதிமொழித் தாளில் அப்படியே கையெழுத்தும் போடாதீர்கள். கெடு தேதிக்குள் மேலே சொன்ன சட்ட ஆலோசனைக்கு எடுத்துப் போங்கள். கெடு பெரும்பாலும் குறுகியதாக இருக்கும்.

கடைசியாகப் பயணம். பிராக்கில் ஒன்றும் செய்ய வேண்டாம். 2017 ஜூன் 15இலிருந்து ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் உங்கள் உள்ளூர்த் திட்டமே ரோமிங்கிலும் ஓடும், இந்த விதியை 2032 வரை நீட்டித்தும் விட்டார்கள். அன்லிமிடெட் மாதிரியான பெரிய திட்டங்களில் வெளிநாட்டு டேட்டாவுக்குத் தனி வரம்பு இருக்கலாம், அது எல்லை தாண்டியதும் வரும் எஸ்எம்எஸ்ஸில் இருக்கும். சூரிக் அப்படியல்ல. சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை, இந்த விதி அங்கே செல்லாது. சில ஜெர்மன் திட்டங்கள் சுவிஸ்ஸையும் தாங்களாகவே சேர்த்திருக்கும், உங்கள் விலைப்பட்டியலில் நாடுகளின் குழு என்ற இடத்தில் பாருங்கள். இல்லையென்றால் ரயில் எல்லையை நெருங்கும்போதே டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும்போதே போன் சுவிஸ் டவரைப் பிடித்துவிடும், அதனால் திரும்பி வரும்போதும் அவசரப்பட்டு இயக்க வேண்டாம். சூரிக்கில் இரண்டு நாள் வரைபடம் பார்க்க, முன்கூட்டியே ஒரு சுவிஸ் இ-சிம் வாங்கிக்கொண்டால் போதும், உங்கள் போன் இ-சிம் எடுக்கும் மாடலாக இருந்தால்.